கனடாவின் புழுதி முப்பதுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடியக் குடியுரிமைத் தேர்வுக்கான அரசுக் கையேட்டில் 1930-களின் பெருமந்தம் நாலைந்து வரிகளில் முடிந்துவிடுகிறது. தேர்வில் தேற அது போதும். ஆனாலும், "அப்படி என்னதான் நடந்தது?" என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அப்படி வந்த கேள்விகளும், யாராவது கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றிய சிலவும் இங்கே.

பெருமந்தம் என்று எதைச் சொல்கிறார்கள்?

வியாபாரம் ஓரிரு வருடம் படுத்து எழுந்தால் அது மந்தம். பத்து வருடமாகியும் சரியாக எழவில்லை என்றால் பெருமந்தம். கனடாவில் இது 1929-இன் கடைசியில் தொடங்கி, 1939-இல் போர் வரும்வரை இழுத்தது. முதல் நாலு வருடம்தான் படுமோசம். 1933-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயிருந்தது. ஐந்து பேரில் ஒருவர் அரசு நிவாரணத்தில்தான் சாப்பிட்டார்.

வேலையில்லாதவர்கள் 27 சதவீதம் என்கிறது கையேடு. வேறு இடங்களில் 30 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டையும் பிற்காலத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மாதாமாதம் எத்தனை பேருக்கு வேலையில்லை என்று எண்ணும் வழக்கமே அன்றைக்குக் கிடையாது. இன்றைய தொழிலாளர் கணக்கெடுப்பு 1945-இல்தான் வந்தது. சம்பளத்துக்குப் போனவர்களை மட்டும் எடுத்தால் சதவீதம் கூடும், விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தால் குறையும். விளைச்சலே இல்லாத நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பல கணக்குகள் 'வேலையில்லாதவர்' என்று சேர்ப்பதில்லை. அவருக்குத்தான் நிலம் இருக்கிறதே!

நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததுதானே காரணம்?

1929 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கோடு டொராண்டோ, மாண்ட்ரியல் சந்தைகளும் விழுந்தன. ஆனால் பங்குப் பத்திரம் வைத்திருந்த கனடியர்கள் எத்தனை பேர்? சந்தை விழாமல் இருந்திருந்தாலும் கனடா அடிபட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

ஊர் முழுக்க வாடிக்கையாளர் இருந்தும் இரண்டே வீட்டை நம்பிக் கடை போட்டவரின் கதை இது. நாட்டின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றுமதியில் வந்தது. விற்றதோ கோதுமை, செய்தித்தாள் காகிதம், மரம், உலோகம் என்று கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சரக்குகள். வாங்கியதோ பெரும்பாலும் அமெரிக்காவும் பிரிட்டனும். 1930 ஜூனில் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டம் போட்டு இறக்குமதி வரியை ஏற்றியது. ஜூலைத் தேர்தலில் வென்று பிரதமரான ஆர். பி. பென்னட்டும் பதிலுக்கு வரியை ஏற்றினார். உலகச் சந்தைகளின் கதவை வெடிவைத்துத் திறப்பேன் என்று பிரசாரம் செய்தவர் அவர். கதவுகள் இன்னும் இறுக மூடிக்கொண்டன.

கோதுமையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்களே, ஏன்?

மேனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாகாணங்களுக்கும் அன்று சோறு போட்டது அதுதான். 1928-இல் அமோக விளைச்சல். அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. சோவியத் ஒன்றியமும் விற்க வந்தது. ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, 1929-இல் ஒன்றரை டாலர்வரை போயிற்று. 1932 கடைசியில் 40 சென்ட்டுக்கும் கீழ்.

அந்த 40 சென்ட்டும் விவசாயி கைக்கு முழுசாக வராது. ரயில் கூலி, தானியக் கிடங்கு வாடகை எல்லாம் கழிந்துதான் வரும். விலை இறங்கினாலும் ரயில் கூலி இறங்கவில்லை, வங்கிக் கடனும் இறங்கவில்லை. அறுத்து ஏற்றுவதைவிட வயலிலேயே விட்டால் நஷ்டம் குறைவு என்று சிலர் விட்டுவிட்டார்கள்.

விவசாயிகள் சேர்ந்து நடத்திய கோதுமைக் கூட்டுறவுகளும் சிக்கின. விலை ஏறும் என்று நம்பி, 1929 விளைச்சலுக்குப் புஷலுக்கு ஒரு டாலர் முன்பணம் கொடுத்திருந்தார்கள். சந்தை விலை அதற்கும் கீழே போனதும் மாகாண அரசுகள்தான் தாங்கிப்பிடித்தன. கோதுமையைக் கொள்முதல் செய்ய 1935-இல் மத்திய அரசு வாரியம் அமைத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

வங்கிகள் மூழ்கினவா?

இல்லை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் திவாலாயின, கனடாவில் ஒன்றுகூட இல்லை. இங்கே பத்துப் பெரிய வங்கிகள் நாடெங்கும் கிளை வைத்திருந்தன, ஒரு மாகாணத்து நஷ்டத்தை இன்னொரு மாகாணம் சரிக்கட்டியது. போட்ட பணம் பத்திரம். கடன் வாங்கியவர்களுக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை.

'புழுதி முப்பதுகள்' என்ற பெயர் எப்படி வந்தது?

சஸ்காட்செவனின் தெற்கிலும் ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கிலும் பாலிசர் முக்கோணம் என்றொரு வறண்ட பூமி உண்டு. 1850-களில் அங்கே சுற்றிப்பார்த்த ஜான் பாலிசர், இது விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிவைத்தார். நடுவில் நல்ல மழை பெய்த வருடங்களில் அதை யார் நினைத்தார்கள்! புல்லை உழுது புரட்டிக் கோதுமை போட்டார்கள். 1929 முதல் மழை பொய்த்தபோது மேல்மண்ணைப் பிடித்துவைக்கப் புல் வேர் இல்லை. மண் காற்றில் எழுந்தது.

வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு காட்சி: சாப்பாட்டு மேசையில் தட்டுகளையும் கோப்பைகளையும் கவிழ்த்தே வைப்பார்கள். பரிமாறும் நொடியில்தான் நிமிர்த்துவார்கள். நிமிர்த்தினால் மேசைவிரிப்பில் தட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருக்கும், சுற்றிலும் பழுப்பு. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணிப்பார்கள், நட்டநடு மதியத்தில் விளக்கு ஏற்றுவார்கள்.

வெட்டுக்கிளி வந்தது. 1935-இல் நல்ல மழை பெய்து பயிர் எழும்ப, துருநோய் வந்து அதையும் தின்றது. மாட்டுக்குத் தீவனம் இல்லாமல் ரஷ்யன் திசில் என்ற முட்செடியைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்துப் போட்டார்கள். 1937-தான் உச்சம். அந்த ஜூலை 5-ஆம் தேதி சஸ்காட்செவனின் யெல்லோ கிராஸிலும் மிடேலிலும் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். 2021-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனில் முறியும்வரை கனடாவில் அதுதான் சாதனை. கனடா என்றாலே பனி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வருடம் மாகாணத்தின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷல்கூட இல்லை.

எல்லோருமே கஷ்டப்பட்டார்களா?

இல்லை. விலைவாசி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தது. அரசு வேலை போன்ற நிரந்தரச் சம்பளம் உள்ளவர்களுக்கு அதே பணத்தில் கூடுதலாக வாங்க முடிந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் புது ரேடியோ, அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

வேலை போனால் அரசு என்ன கொடுத்தது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பசியைவிட அதிகமாகப் பலர் கடைசிவரை மறக்காதது இதைத்தான்.

1867-இன் அரசியல் சட்டப்படி ஏழைகளைப் பார்த்துக்கொள்வது மாகாணத்தின் வேலை. மாகாணம் அதை நகராட்சியின் தலையில் கட்டியிருந்தது. நகராட்சிக்கு வருமானம் வீட்டு வரி, வீட்டுக்காரருக்கோ வேலை இல்லை. ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசு 'எங்கள் பொறுப்பல்ல' என்றது. 1930 ஏப்ரலில் பிரதமர் மெக்கென்சி கிங் நாடாளுமன்றத்தில், எதிர்க்கட்சி ஆளும் மாகாணங்களுக்கு இதற்காக ஐந்து சென்ட்கூடத் தரமாட்டேன் என்று வாய்விட்டார். ஜூலையில் தோற்றதற்கு அந்த ஐந்து சென்ட்டும் காரணம். பென்னட் வந்து 2 கோடி டாலர் ஒதுக்கினார். பிறகும் பணம் வந்தது, ஆனால் எப்போதும் 'இது தற்காலிகம்தான்' என்ற பேச்சோடுதான் வந்தது.

நிவாரணம் வாங்கப் போகிறவர் என்னென்ன செய்ய வேண்டும்? முதலில், இந்த ஊரில்தான் இத்தனை காலமாக இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். வேலை தேடி ஊர் மாறியவர் அதிலேயே அடிபட்டார். பல ஊர்களில் கார் நம்பர் பலகை, மதுபான அனுமதி அட்டை இரண்டையும் ஒப்படைக்க வேண்டும். தொலைபேசி இருக்கக் கூடாது. சோதனைக்கு வரும் அதிகாரி அலமாரியைத் திறந்து பார்ப்பார். மகன் எங்காவது சில்லறை சம்பாதித்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். சில நகரங்களில் விறகு பிளக்க வேண்டும், சாலையோரம் களை பிடுங்க வேண்டும். களை பிடுங்கியே தீர வேண்டும் என்பதற்காக அல்ல, சும்மா கொடுத்தால் பழகிவிடும் என்ற பயத்தில்.

இத்தனைக்கும் பிறகு கைக்கு வருவது பெரும்பாலும் காசு அல்ல, சீட்டு. அதைக் குறிப்பிட்ட கடையில், குறிப்பிட்ட சாமானுக்கு மட்டும் நீட்டலாம். பின்னால் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கும் அதே நிலைதான் என்றாலும் குனிந்த தலை நிமிராது. சஸ்காட்செவன் கிராமங்களில் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 10 டாலரும் 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்றும் கிடைத்தது. மாவு தீர்ந்த பின் மூட்டைத்துணியை வெளுத்துப் பிள்ளைகளுக்கு உள்ளாடை தைத்தார்கள். எவ்வளவு வெளுத்தாலும் மாவுக் கம்பெனியின் முத்திரை முழுசாகப் போகாதாம்.

உப்பு மீன் கதை உண்மையா?

உண்மைதான். மழை பொய்த்த மாகாணங்களுக்குக் கிழக்கிலிருந்து ரயில் ரயிலாக உதவி போனது: ஒன்டாரியோ ஆப்பிள், காய்கறி, பழைய துணி. அட்லாண்டிக் கரையிலிருந்து உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீனும் போனது. பலகைபோல விறைத்த அதைக் கடலைப் பார்த்தே அறியாத விவசாயி வீட்டில் என்ன செய்வார்கள்? ஊறவைக்காமல் அப்படியே வேகவைத்தார்கள். கருவாட்டை அலசாமல் குழம்பில் போட்டால் என்னவாகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரை ஓட்டைக்கு ஆணியடித்தார்கள், செருப்புக்கு அடித்தோலாக வைத்தார்கள் என்றெல்லாம் வேடிக்கைக் கதைகள் உலவின. கேலிக்கு அடியில் நன்றியும் இருந்தது.

'பென்னட் பக்கி' என்றால் என்ன?

நல்ல காலத்தில் கார் வாங்கியாயிற்று. இப்போது பெட்ரோலுக்குக் காசில்லை. என்ஜினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டினால் அதுதான் பென்னட் பக்கி (பக்கி என்றால் குதிரை வண்டி). ரப்பர் சக்கரம் என்பதால் பழைய கட்டை வண்டியைவிடச் சொகுசு என்று சிரித்துக்கொண்டார்கள். வறுத்த கோதுமையையோ பார்லியையோ கொதிக்கவைத்தால் பென்னட் காபி. பூங்காவில் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு படுத்தால் அது பென்னட் கம்பளி.

பென்னட் அவ்வளவு கல்நெஞ்சரா?

பெரும் பணக்காரர், கல்யாணம் ஆகாதவர், ஒட்டாவாவில் ஷாட்டோ லோரியே ஹோட்டலில் குடியிருந்தவர். திட்டுவதற்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டார். ஆனால் அவருக்கு வந்த கடிதங்களைப் படித்தால் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது. சஸ்காட்செவனிலிருந்து ஒரு பெண் 1933-இல் எழுதுகிறார்: குளிர் வருகிறது, கணவர் வெளியில் போய்வர வேண்டும், ஈட்டன் கடை விலைப்பட்டியலில் உள்ள கனத்த உள்ளாடை ஒன்று வாங்கித் தர முடியுமா? நாட்டின் பிரதமரிடம் கேட்கிற கேள்வி அது. பென்னட் தன் செலவில் வாங்கி அனுப்பச் செய்தார். இப்படி எழுதிய பலருக்கு உறையில் இரண்டு டாலர், ஐந்து டாலர் என்று சொந்தப் பணம் வைத்து அனுப்பியிருக்கிறார்.

தனி மனிதராக இளகியவர், பிரதமராக இறுகியவர். உறையில் இரண்டு டாலர் வைத்த அதே கைதான் அடுத்த பதிலில் வரும் முகாம்களுக்கும் கையெழுத்திட்டது.

20 சென்ட் முகாம்கள் எவை?

வேலையில்லாத தனி ஆண்களை எந்த ஊரும் ஏற்கவில்லை. சரக்கு ரயிலின் கூரையில் ஏறி ஊர் ஊராகப் போனார்கள். இவர்கள் ஒன்றுகூடினால் புரட்சி வெடிக்கும் என்று அரசுக்குப் பயம். 1932 அக்டோபரில் ஜெனரல் மெக்நாட்டன் சொன்ன யோசனைப்படி, ராணுவத் துறையின் பொறுப்பில் காட்டுக்குள் முகாம்கள் தொடங்கின. தங்க இடம், சாப்பாடு, உடுப்பு, வாரம் 44 மணி நேர வேலை, நாளைக்கு 20 சென்ட். 1936-இல் மூடும்வரை ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அங்கே இருந்து போயிருக்கிறார்கள். 'அரசரின் இருபது சென்ட் படை' என்று தங்களையே கேலி செய்துகொண்டார்கள். சாப்பாடு மோசம் என்பதைவிட, எப்போது முடியும் என்று தெரியாததுதான் கொன்றது.

1935 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா முகாம்களைவிட்டு வெளியேறி வான்கூவரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றும் நடக்காததால், ஜூன் 3-ஆம் தேதி ஆயிரம் பேருக்கு மேல் சரக்கு ரயில் ஏறி, 'ஒட்டாவாவுக்கே போய்க் கேட்போம்' என்று புறப்பட்டார்கள். வழியில் கூட்டம் பெருகியது, ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். ரெஜைனாவில் அரசு தடுத்துவிட்டது. தலைவர்கள் எட்டுப் பேர் மட்டும் ஒட்டாவா போய் ஜூன் 22-இல் பென்னட்டைப் பார்த்தார்கள். அவர்களில் முக்கியமானவரான ஆர்தர் ஈவன்ஸை பென்னட் மோசடிப் பேர்வழி என்றார், ஈவன்ஸ் பென்னட்டைப் பொய்யர் என்றார். பேச்சு அதோடு சரி.

ஜூலை 1, நாட்டின் பிறந்தநாள். ரெஜைனா சந்தைத் திடலில் நடந்த கூட்டத்தில் தலைவர்களைப் பிடிக்கப் போலீஸ் புகுந்தது, கலவரமானது. ஒரு போலீஸ்காரர் அங்கேயே இறந்தார், பயணக்காரர் ஒருவர் பிறகு மருத்துவமனையில் இறந்தார். அக்டோபர் தேர்தலில் பென்னட் மண்ணைக் கவ்வினார்.

பெண்களுக்கு முகாம் இருந்ததா?

கிடையாது. தனிப் பெண்கள் என்றொரு பிரச்சினை இருப்பதாகவே அரசு காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும் வீட்டுவேலைக்குப் போனவர்கள் பலர். வேலையில் இருந்த கல்யாணமான பெண்களை 'ஆண்களின் வேலையைப் பறிப்பவர்கள்' என்றார்கள். துணி ஆலையில் அவர்கள் வாங்கிய கூலிக்கு எந்த ஆணும் வந்திருக்கமாட்டார். கல்யாணங்கள் தள்ளிப்போயின, பிறப்பு குறைந்தது.

குடியேறிகளை எப்படி நடத்தினார்கள்? தமிழர் யாராவது இருந்தார்களா?

தமிழ்ச் சமூகம் என்று சொல்லுமளவுக்கு யாரும் இல்லை. நம்மவர்கள் பெருமளவில் வந்தது 1983-க்குப் பிறகுதான். அன்றிருந்த தெற்காசியர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மர ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபி சீக்கியர்கள், அதுவும் சொற்பம். 1947 வரை அவர்களுக்கு ஓட்டே கிடையாது.

1931 மார்ச்சில் குடியேற்றக் கதவு ஏறக்குறைய முழுதும் சாத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு வேறொரு பயம்: நிவாரணம் கேட்டால் 'பொதுப் பணத்துக்குச் சுமை' என்று நாடு கடத்தலாம். 1930-க்கும் 1935-க்கும் இடையில் சுமார் 28,000 பேர் பல காரணங்களுக்காக அனுப்பப்பட்டார்கள், பலர் விஷயத்தில் நிவாரணம் கேட்டதே குற்றமானது. அதனால் பட்டினி கிடந்தும் வாய் திறக்காதவர்கள் உண்டு. சீனர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நிவாரணம்தான். 'அவர்கள் குறைவில் வாழப் பழகியவர்கள்' என்பது அதற்குச் சொன்ன நியாயம்.

எப்போது முடிந்தது? என்ன மிஞ்சியது?

முடித்துவைத்தது போர். பத்து வருடம் கஜானா காலி என்ற நாட்டுக்கு 1939-இல் துப்பாக்கிக்கும் கப்பலுக்கும் பணம் கிடைத்துவிட்டது. நாளைக்கு 20 சென்ட் வாங்கியவர்களில் பலர் ராணுவத்தில் சேர்ந்து 1.30 டாலர் வாங்கினார்கள்.

மிஞ்சியவற்றை நாம் தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறோம். கனடா வங்கி 1935-இல் திறந்தது. வேலையிழப்புக் காப்பீட்டைப் பென்னட்டே கடைசி வருடத்தில் சட்டமாக்கினார். அது மாகாண உரிமையில் தலையிடுகிறது என்று 1937-இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் (அன்று கனடாவின் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) அடித்துப்போட்டது. 1940-இல் அரசியல் சட்டத்தையே திருத்தித்தான் கொண்டுவர முடிந்தது. வேபர்னில் பாதிரியாராக இருந்து இந்தக் கஷ்டத்தையெல்லாம் பார்த்த டாமி டக்ளஸ் 1944-இல் சஸ்காட்செவன் முதல்வரானார். அவர் முன்னின்ற பொது மருத்துவக் காப்பீடு 1962-இல் அங்கே நடைமுறைக்கு வந்து பிறகு நாடெங்கும் பரவியது.

2020-இல் கொரோனாவில் வேலைகள் போனதை இதோடு ஒப்பிடலாமா?

எண்ணிக்கையில் கொஞ்சம் ஒப்பிடலாம். 2020 மே மாதம் வேலையின்மை 13 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் நான்கு வாரத்துக்கு 2,000 டாலர் என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களுக்குச் சில நாட்களில் பணம் வங்கிக் கணக்கில் விழுந்தது. அலமாரியைத் திறந்து பார்க்க யாரும் வரவில்லை. தகுதியில்லாமல் வாங்கியவர்களிடம் பிறகு திருப்பிக் கேட்டார்கள் என்பது வேறு. முதலில் கொடுத்தார்கள், பிறகு விசாரித்தார்கள். 1933-இல் வரிசை தலைகீழ்.

அந்தக் காலத்தின் சுவடு எதையாவது இன்று நேரில் பார்க்க முடியுமா?

டொராண்டோவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம் இருக்கிறது. 1931-இல் சில மாதங்களில் எழுப்பிய ஹாக்கி அரங்கம். தொழிலாளர்கள் கூலியில் ஒரு பகுதியைப் பங்குப் பத்திரமாக வாங்கிக்கொண்டார்கள். இப்போது கீழே காய்கறி விற்கும் சூப்பர்மார்க்கெட். மாண்ட்ரியலில் மவுன்ட் ராயல் மலைமேல் நின்று நகரைப் பார்க்கும் அந்த மாளிகையும் வேலையில்லாதோருக்கான திட்டத்தில் கட்டியதுதான்.

கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் வேன் எடுத்துக்கொண்டு போகும் பான்ஃப், ஜாஸ்பர் பக்கம் இன்னொன்று இருக்கிறது. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர்வரை பனிமலைகளுக்கு நடுவில் போகும் 230 கிலோமீட்டர் சாலையின் முதல் வடிவத்தை 1931-இல் நிவாரண வேலையாகத் தொடங்கினார்கள். இரு முனையிலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியும் குதிரையுமாக வெட்டிக்கொண்டு வந்தார்கள், 1940-இல் திறந்தார்கள். கொலம்பியா பனிவயலுக்கு முன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஓரத்தில் மலையைக் குடைந்திருப்பதைக் கொஞ்சம் பாருங்கள்.